டி.சி. எழுதுவதற்கு முன்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரத்தில் இருக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

குழந்தை பெற்ற மாணவி மறுபடி படிக்க வரலாமா என்று கேட்டால் உங்களில் யாரும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. "வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் சொல்கிறீர்கள். அதை மனதாரச் சொல்கிறீர்கள் என்றே நம்புகிறோம். ஆனால் அவளுக்கு வயிறு தெரியத் தொடங்கிய மாதமே பெற்றோரை வரவழைத்து, ஊர்ப் பேச்சுக்கும் வழக்குக்கும் பயந்து, மாற்றுச் சான்றிதழை (டி.சி.) எழுதிக் கையில் கொடுத்துவிடுவது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. பிரசவத்துக்கு ஐந்து மாதம் முன்பே படிப்பு அறுந்துபோகிறது. பிறகு சொல்லும் "வரட்டும்" யாருடைய காதிலும் விழுவதில்லை.

கடலோரக் கிராமங்களில் தாய் சேய் நலப் பணியிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பிள்ளையின் பெயரை வெட்டாதீர்கள். பெயர் இருந்தால் மற்றதை எப்படி நடத்துவது என்பதற்கான விவரமே இந்த மடலின் மீதிப் பகுதி.

சியரா லியோனில் கர்ப்பிணி மாணவிகள் பள்ளிக்கு வர அரசே தடை போட்டிருந்தது; 2020 மார்ச்சில்தான் அது நீங்கியது. தான்சானியாவில் 2021 நவம்பரில் நீங்கியது. நம் நாட்டில் தாயான மாணவி படிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 14 வயது வரை கட்டாயக் கல்விச் சட்டம் அவள் பக்கம் நிற்கிறது. அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, இடையில் நின்ற பிள்ளையை வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. அதற்கு மேற்பட்ட வயதிலும் அவளைத் தடுக்க விதி கிடையாது. இங்கே கதவை மூடுவது அந்தச் சான்றிதழ்த் தாள்தான்.

டி.சி. கொடுத்ததும் என்ன ஆகிறது என்று பாருங்கள். மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில் அவள் பெயர் உங்கள் பள்ளிப் பட்டியலிலிருந்து பொதுத் தொகுப்புக்குப் போகிறது. இன்னொரு பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்க்கும்வரை அவள் எந்தப் பள்ளியின் மாணவியும் இல்லை. பாடப்புத்தகம் இல்லை, பஸ் பாஸ் இல்லை. பத்தாம் வகுப்பென்றால் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராகும்போது அதில் அவள் இருக்கமாட்டாள். அப்புறம் தனித்தேர்வராகத்தான் எழுத வேண்டும். முதல்முறை எழுதும் தனித்தேர்வர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியே பதிந்து, குறித்த மையத்துக்குப் போய் வகுப்பில் உட்கார வேண்டும். கைக்குழந்தையோடு இருப்பவளுக்குப் பள்ளிக்கு வருவதைவிட அது கடினம்.

டி.சி.க்குப் பதிலாக நீண்ட விடுப்பு கொடுங்கள். பெற்றோரிடம் ஒரு விடுப்புக் கடிதம் வாங்குங்கள். "உடல்நலக் காரணம்" என்று எழுதினால் போதும். மருத்துவச் சான்றை ஒட்டிய உறையில் போட்டுத் தலைமையாசிரியரின் அலமாரியில் வையுங்கள். வருகைக் குறைவு பற்றிக் கேள்வி வரும்போது அது கைகொடுக்கும். வகுப்பு வருகைப் பதிவேட்டில் மற்ற மாணவிகளுக்குப் போடும் விடுப்புக் குறியே இருக்கட்டும். கல்யாணச் சான்றோ கணவர் கையெழுத்தோ கேட்கத் தேவையில்லை. 18 வயது முடியாதவளுக்குப் பாதுகாவலர் பெற்றோரே.

குடும்பமே பிடிவாதமாக டி.சி. கேட்டு, கொடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், காரணம் எழுதும் இடத்தில் கல்யாணம் என்றோ பிரசவம் என்றோ எழுதாதீர்கள். நடத்தை பற்றிய இடத்தில் "நன்று" என்றே எழுதுங்கள். அந்த ஒரு சொல் அவள் போகுமிடமெல்லாம் கூடப் போகும்.

இப்போது பயத்தைப் பற்றி. டி.சி. கொடுப்பதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து சிறாரைப் பாதுகாக்கும் சட்டம். 18 வயது முடியாத பிள்ளை கருவுற்றிருப்பது தெரிந்தால் தகவல் தரும் கடமை அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி எல்லோருக்கும் உண்டு. தராமல் விட்டால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறைக்கு இடமிருக்கிறது. கல்யாணம் ஆகிவிட்டது என்பதால் கடமை நீங்காது; 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 18 வயதுக்குட்பட்ட மனைவிக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டென்று தீர்ப்பளித்துவிட்டது. டி.சி. கொடுத்தால் இந்தக் கடமை கழிந்துவிடும் என்று நினைப்பது தவறு. சொல்லப்போனால் டி.சி.யில் இருக்கும் தேதியே, கருவுற்றிருந்தபோது அவள் உங்கள் பள்ளியில் இருந்தாள் என்பதற்குச் சாட்சி. தகவல் கொடுப்பது ஒரு வேலை, படிப்பைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

தகவலைச் சிறார் உதவி எண் 1098க்கோ காவல் துறையின் சிறார் பிரிவுக்கோ கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் அந்தப் பிள்ளையையும் அவள் தாயையும் உட்காரவைத்து, அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிவிடுங்கள். அவள் குற்றவாளி இல்லை. போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். வாங்குகிறவர் கூடியவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும், சீருடையில் இருக்கக் கூடாது. பள்ளி வாசலில் ஜீப் வந்து நின்றால் இந்தப் பிரிவைச் சொல்லி நீங்கள் தடுக்கலாம்.

பிறகு குழந்தைகள் நலக் குழு முன்னால் போவாள். வெளியூர்க் காப்பகத்துக்கு அனுப்பினால் அந்த வருடப் படிப்பு போயிற்று. காப்பகம் என்பது கடைசி வழி என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. எனவே தலைமையாசிரியர் ஒரு பக்கக் கடிதம் கொடுக்கலாம்: எந்த வகுப்பு, வருகை எவ்வளவு, பொதுத்தேர்வு எப்போது, வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தூரம், வீடு பாதுகாப்பானதாக இருந்தால் குடும்பத்தோடு இருந்தே படிக்க அனுமதிக்க வேண்டும். பள்ளி எழுதிக் கொடுக்கும் அந்தக் கடிதத்துக்குக் குழுவிடம் மதிப்பு உண்டு. வீடு பாதுகாப்பானதாக இருந்தால் என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஆபத்தே வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளும் உண்டு.

பிரசவ மாதத்தை வைத்துத் திரும்பும் தேதியை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். "உடம்பு தேறினதும் வா" என்று விட்டால் அந்த நாள் வருவதே இல்லை. ஜூன், ஜூலையில் பிரசவம் என்றால் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள் பொருந்தும். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியிருக்கும். செப்டம்பர் என்றால் அரையாண்டு விடுமுறைக்குப் பின். மார்ச்சில் என்றால் ஜூனில் மற்றவர்களோடு சேர்ந்தே வந்துவிடலாம். டிசம்பர், ஜனவரிதான் சிக்கல். அப்போது வகுப்பை விட்டுவிட்டுத் தேர்வை மட்டும் பிடியுங்கள். செய்முறைத் தேர்வு நாளைக் கட்டாயம் தவறவிடக் கூடாது. அறிவியலில் 100க்கு 25 அதில்தான். எழுத்துத் தேர்வுகளில் ஒன்றிரண்டு நழுவினாலும் துணைத் தேர்வு இருக்கிறது என்பதை அவளுக்கு முதலிலேயே சொல்லுங்கள். ஒரு தாளில் தவறினால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் மிச்சத் தாள்களுக்கும் வராமல் போகிறார்கள்.

பிரசவமாகி ஆறு வாரம் வரை உதிரப்போக்கு இருக்கும். அறுவைப் பிரசவம் என்றால் அந்த ஆறு வாரமும் கனம் தூக்கக் கூடாது. இந்தக் கரையில் அதற்கு ஒரு பொருள் உண்டு: தண்ணீர்க் குடங்களை அடுக்கித் தள்ளுவண்டி தள்ளக் கூடாது. வீட்டில் அதை யாரிடமாவது மாற்றிக் கொடுத்தால்தான் அவள் மூன்றாம் மாதத்தில் பஸ் ஏறும் தெம்போடு இருப்பாள். மாடி வகுப்பென்றால் முடிந்தவரை கீழே மாற்றுங்கள். கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கேட்க வைக்காதீர்கள்.

எங்கள் அனுபவத்தில் திரும்பி வந்த பிள்ளை மறுபடி நின்றுபோவதற்கு முதல் காரணம் பால். இதை ஆண் ஆசிரியர்களும் கூச்சப்படாமல் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று மாதக் குழந்தை பகலில் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குடிக்கும். கடலோரக் குடியிருப்பிலிருந்து காலை 8 மணிக்கு பஸ் ஏறி மாலை 5.30க்கு வீடு சேர்கிறவள் மூன்று வேளைப் பால் கொடுக்க முடியாமல் போகிறாள். முதல் வாரமே 11 மணி வாக்கில் மார்பு கனத்துச் சட்டை நனைகிறது. மூன்றாம், நான்காம் நாள் பால் கட்டி, காய்ச்சல் வருகிறது. வீட்டில் "இனிப் போக வேண்டாம்" என்கிறார்கள். இல்லாவிட்டால் பால்பவுடர் தொடங்குகிறார்கள். உப்புத் தண்ணீர் ஊரில் விலைக்கு வாங்கிய குடத்து நீரில், சரியாகக் கழுவாத புட்டியில் கலக்கிக் கொடுக்கும்போது குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. ஆஸ்பத்திரியில் குழந்தையோடு இருக்கப் போகிறவள் அதன்பின் வகுப்புக்கு வருவதில்லை.

தடுப்பது எளிது. திரும்பும் தேதிக்குப் பத்து நாள் முன்பே கையால் பால் பீய்ச்சப் பழக வேண்டும். குழந்தையும் பாலாடையிலோ சங்கிலோ குடிக்கப் பழக வேண்டும். புட்டி வேண்டாம், கழுவுவது கடினம், மார்பை மறுக்கவும் குழந்தை பழகிவிடும். பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை நேராகப் பால் கொடுக்கட்டும். விடியலில் பீய்ச்சியதை 80 முதல் 100 மில்லி வீதம், பத்து நிமிடம் கொதிக்கவைத்து எடுத்த எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி வைக்கலாம். சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் இருக்கும் என்பது பொதுக்கணக்கு. நம் வெயிலில், அதுவும் ஓடோ தகரமோ வேய்ந்த வீட்டில், மூன்று மணி நேரத்துக்கு மேல் நம்பாதீர்கள். குளிர்பெட்டி உள்ள வீடு பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் வரை வைக்கலாம். கிண்ணத்தை வெந்நீரில் இறக்கி வைத்துத்தான் சூடாக்க வேண்டும், அடுப்பில் வைக்கக் கூடாது. குழந்தை குடித்து மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது.

பள்ளியில் அவளுக்கு வேண்டியது காலை இடைவேளையை ஒட்டி 20 நிமிடம், மதியம் ஒருமுறை, 3 மணிக்கு ஒருமுறை. உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை, சாய்ந்து உட்கார நாற்காலி, கை கழுவத் தண்ணீர், சோப்பு. ஆய்வகச் சாமான் அறை போதும், விளையாட்டுப் பொருள் அறை போதும். கழிப்பறையைக் காட்டாதீர்கள். வீடு பக்கமென்றால் மதிய இடைவேளையில் குழந்தையை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி நேராகவே கொடுக்கலாம். அந்த ஒரு வேளை கிடைத்தால் பால் வற்றாது. பள்ளியில் பீய்ச்சியதைக் குளிர்ச்சியாக வைக்க வழியில்லையென்றால் கொட்டிவிடுவதே நல்லது. பீய்ச்சுவதால் மார்பு கட்டாது, சுரப்பு நிற்காது; அதுவே பெரிய பலன். நான்காக மடித்த பருத்தித் துணி இரண்டு ஜோடி பையில் இருக்கட்டும். சீருடை மேல்கோட்டு ஈரத்தை மறைத்துவிடும். மார்பில் சிவந்த, சூடான கட்டியும் காய்ச்சலும் வந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

ஆறு மாதம் முடிந்து கஞ்சி, பருப்புச் சாதம் தொடங்கிவிட்டால் இந்த நெருக்கடி தளர்ந்துவிடும். அதாவது பள்ளி விட்டுக்கொடுக்க வேண்டிய கடினமான காலம் மூன்று மாதம்தான். ஒரு பிள்ளையின் படிப்புக்கு அது பெரிய விலையில்லை.

அடுத்தது, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது. "பாட்டி இருக்கிறாரே" என்று நாம் சொல்லிவிடுகிறோம். இந்தக் கரையில் அந்தப் பாட்டிக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது, உழைத்துக்கொண்டிருக்கும் பெண். ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கமும் பாம்பன் பக்கமும் பாசி எடுக்கப் போகிறவர், கருவாடு காயப்போடுகிறவர், நண்டுக் கம்பெனியில் சதை உரிக்கிறவர். சாயல்குடிப் பக்கம் பதநீர்க் காலத்தில் குடும்பத்தோடு பனங்காட்டுக்குப் போகிறவரும் உண்டு. திரும்பி வந்த பிள்ளையின் வருகைப் பதிவேட்டை நாட்காட்டியோடு சேர்த்துப் பாருங்கள். பாசிக்குப் போகும் வீட்டில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் விடுப்பு விழும். கடல் நன்றாக வற்றும் நாட்களில் அம்மா கடலுக்கு, மகள் வீட்டில். இதைச் சோம்பேறித்தனம் என்று கண்டித்து அனுப்பினால் அடுத்த மாதம் அவள் வரமாட்டாள். முன்கூட்டியே தெரிந்த நாட்கள் என்பதால் அந்த நாட்களுக்கென்று இரண்டாவதாக ஓர் ஆளைக் குறித்து வைக்கலாம்: அத்தை, பெரியம்மா, பள்ளிக்கு நடக்கும் தூரத்தில் இருக்கும் தெரிந்த வீடு. யார் நம்பகமானவர் என்று மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும்.

அங்கன்வாடியை நம்பி மட்டும் திட்டம் போடாதீர்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை சத்துமாவு கிடைக்கும். பகல் முழுக்கக் கைக்குழந்தையை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு சாதாரண மையத்தில் இருக்காது. ஒன்றிய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் நடத்த வழி இருக்கிறது. ஆறு மாதக் குழந்தையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தாயான மாணவிகளும் மீன்வேலைக்குப் போகும் பெண்களும் சேர்ந்தால் உங்கள் ஊரிலேயே தேவை இருக்கும். மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுங்கள்.

தடுப்பூசி நாட்களையும் கணக்கில் வையுங்கள். 6, 10, 14 ஆவது வாரம், பிறகு 9ஆம் மாதம், பெரும்பாலும் புதன்கிழமை. அன்று விடுப்பு, மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தால் இன்னொரு நாள். புதன்கிழமைகளில் மாதிரித் தேர்வு வைத்தால் அவளுக்கு வேறு நாள் கொடுங்கள்.

இன்னொன்றைக் கிராம சுகாதார செவிலியரோடு பேசி வைக்க வேண்டும். முழுக்கத் தாய்ப்பால் கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருக்கும் முதல் ஆறு மாதம் மறுகரு தரிப்பது அரிது என்ற நம்பிக்கை வீடுகளில் இருக்கிறது. இரவும் பகலும் இடைவெளியில்லாமல் கொடுத்தால்தான் அது பொருந்தும். பள்ளிக்கு வரத் தொடங்கியதும் பகல் இடைவெளி நீள்கிறது. அந்தப் பாதுகாப்பு குறைகிறது. கணவரோடு இருப்பவளுக்கு இது தெரியாவிட்டால் அடுத்த கல்வியாண்டுக்குள் இரண்டாவது குழந்தை. இரண்டாவதற்குப் பிறகு திரும்புகிறவர்கள் மிகக் குறைவு. பிரசவமாகி ஆறு வாரம் கழிந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியைப் பால் கொடுப்பவரும் போட்டுக்கொள்ளலாம், காப்பர்-டி உண்டு. எது பொருந்தும் என்று மருத்துவரே பார்த்துச் சொல்ல வேண்டும். பள்ளியின் பங்கு, செவிலியரின் பெயரையும் அவர் வரும் நாளையும் அவளுக்குத் தெரிவிப்பதோடு முடிகிறது.

பணம் பற்றிச் சுருக்கமாக: முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்குக் குறைந்தபட்ச வயது 19. இவளுக்கு அது கிடைக்காது. கிடைக்கும் என்று யாரும் ஆசை காட்டி வயதை மாற்றி எழுத விடாதீர்கள். பள்ளிப் பதிவேட்டுத் தேதியோடு மோதி, பின்னால் அவளுக்கே இடைஞ்சல் ஆகும்.

வகுப்பில் என்ன செய்யலாம் என்றால், பெரும்பாலும் எதையும் செய்யாமல் இருப்பதுதான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிப்போ பாராட்டோ வேண்டாம். தனிப் பெஞ்சு வேண்டாம். "மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்று பேசும் பெற்றோருக்குத் தலைமையாசிரியரே பதில் சொல்லட்டும்: 18க்கு முன் நடக்கும் கல்யாணத்தால் படிப்பு எப்படிச் சிதறுகிறது என்பதை அவள் தோழிகள் ஏற்கெனவே கண்ணால் பார்த்துவிட்டார்கள். அவள் திரும்பி வந்து படிப்பதால் யாருக்கும் கல்யாண ஆசை வராது. ஓர் ஆசிரியை மட்டும் தொடர்பில் இருக்கட்டும், ஒரே ஒருவர். விடுப்பு, பால் நேரம், வீட்டுச் சிக்கல் எல்லாம் அவர் வழியாகவே போகட்டும். ஐந்து பேரிடம் ஐந்து முறை தன் கதையைச் சொல்ல வைப்பது கொடுமை. தூக்கம் இல்லாமல், காரணமில்லாமல் அழுதுகொண்டு, குழந்தையைத் தொடவே பிடிக்கவில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். மனநல உதவி எண் 14416க்கு அழைக்கலாம், மருத்துவரிடமும் அனுப்ப வேண்டும்.

விட்ட பாடத்தை முழுக்கப் பிடிக்க முயல வேண்டாம். தமிழும் சமூக அறிவியலும் வீட்டில் படித்துக்கொள்ளலாம். பாடநூலில் இருக்கும் க்யூ.ஆர். குறியீட்டுக் காணொளிகள் உதவும். கணக்கும் ஆங்கிலமும் ஆசிரியர் இல்லாமல் நகராது. ஆகவே பாதிநாள்தான் வர முடியும் என்ற வாரங்களில் அந்த இரண்டு பாடவேளைகளும் காலையில் விழும்படி பார்த்துக்கொடுங்கள். கணக்கில் வரைபடம், வடிவியல் பெரிய வினாக்கள் பழகினால் வரக்கூடியவை. தேர்ச்சிக்கு 35 என்பதால் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

எவ்வளவு செய்தும் தினமும் வர முடியாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைத் தேசிய திறந்தநிலைப் பள்ளிக்கு வழிகாட்டுங்கள்: பத்தாம் வகுப்புக்கு 14 வயது முடிந்திருந்தால் போதும், பதிவு ஐந்து ஆண்டு செல்லும், வருடத்தில் இரண்டு முறை தேர்வு. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவளுக்குத் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு இருக்கிறது. ஆனால் இவற்றை முதல் வழியாகக் காட்டாதீர்கள். வீட்டில் தனியாகப் படிக்கச் சொல்வது, கைக்குழந்தை உள்ள வீட்டில், படிக்காதே என்று சொல்வதற்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகில் போகும் தகப்பன்மார் கரையில் இருக்கும் காலம் அது. பகலில் வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வரவேண்டியிருக்காது. முடிவு சொல்லும் ஆளும் இருப்பார். கையில் காசு இல்லாத காலமும் அதுதான். நோட்டு, பை, செருப்புக்கு யாரிடம் கேட்கலாம் என்று மேலாண்மைக் குழு முன்பே யோசித்து வைத்திருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

எனவே வரும் தடைக்காலத்துக்குள் இதைச் செய்து முடியுங்கள். கடந்த இரண்டு கல்வியாண்டுகளின் டி.சி. அடிக்கட்டைகளை எடுத்து, 8 முதல் 11 வரை படித்து நின்ற மாணவிகளில் வேறு எந்தப் பள்ளியிலும் சேராதவர்கள் யார் என்று எமிஸ் பொதுத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரும் பள்ளி செல்லாப் பிள்ளைகளின் கணக்கெடுப்பில் அந்தப் பட்டியலைத்தான் தேடுவார்; சேர்ந்தே செய்யலாம். தொடர்பு ஆசிரியையும் குழுவின் தாய் ஒருவரும் அந்த வீடுகளுக்குப் போகட்டும். கூட்டமாகப் போக வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். மூன்றைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் போதும்: குழந்தைக்கு எத்தனை மாதம், பகலில் பார்த்துக்கொள்ள முதல் ஆள் யார், இரண்டாவது ஆள் யார். அந்தத் தாளை வைத்து ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்துக்குள் பெயரை மறுபடி ஏற்றிவிடலாம்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடலோரக் கிராமங்களில் தாய் சேய் நலம், அங்கன்வாடி, பள்ளிப் பணிகளில் இருப்போர்